சத்தியக்கடதாசி

கோட்டுக்கு எதிரே, படம் பிரேம் போடும் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் கந்தோர்.
ஒரு மின்விசிறி, ஒரு சமாதான நீதவான், நான்,
எனக்கு முன்னால் ஒரு பழைய ரைப்ரைற்றர்.
அதில் 'ற' எப்போதும் பிந்தித்தான் விழும்.

வைகாசி வெயிலில் படியேறி வந்தா.
அறுபத்துநாலு வயது, வெள்ளி நிறச் சப்பாத்து.
குருநகரில் தகப்பன் விட்ட இரண்டு பரப்புக் காணி.
உறுதியில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொன்று.
இரண்டும் ஒருவரே என்று
எழுதித் தரவேணும்.

"பிறந்த பெயர்?"
செலஸ்ரீன் பிலோமினா மரியநாயகம்.
"மற்றது?"
செல் மரினர்.
"ஏன் மாத்தினியள்?"
இசைத்தட்டு உறையில் இடம் காணாதாம்.
கொம்பனிக்காரன் பென்சிலால் வெட்டினானாம்,
மீனுக்குச் செட்டை வெட்டுறமாதிரி.
"எனக்கு இருபத்திரண்டு வயது, வாடகை பாக்கி.
ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"தொழில்?"
பாடுறது.
"சேர்ச்சிலயோ?"
துவக்கம் அங்கேதான். லூயிஷத்தில் ஈரம் ஊறிய ஒரு கோயில்,
ஜமேக்காப் பெண்களுக்கு நடுவில் ஒரு குருநகர்ப் பிள்ளை.
இவ ஒன்றில் கைதட்ட, அவர்கள் இரண்டில் தட்டினார்களாம்.
அந்த ஒரு தட்டைக் கடக்க
ஒரு மாரி முழுக்கப் போச்சாம்.

அவ சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.
இதெல்லாம் தேவையில்லை என்றார் ஐயா.
நிறுத்தவில்லை.

ஆறு வருஷம், பெரிய ஆட்களுக்குப் பின்னால், இருட்டில்,
'ஊ' என்று மட்டும்.
பிறகு சொந்தத் தட்டு; வானொலியில் பதினொரு கிழமை ஓடியது.
இரண்டாவதைத் தாய் நாலு பிரதி வாங்கினா,
வேறு ஆர் வாங்கினது எண்டு தெரியாது.
ஒரு சவர்க்கார விளம்பரம்.
நோர்வேக்குப் போகும் கப்பலில், சாய்ந்து சாய்ந்து நிமிரும் பியானோ.
தொண்டையில் பயறளவு ஒரு கட்டி.
வெட்டின பிறகு எட்டு மாதம் பேச்சில்லை,
கொப்பியில் எழுதித்தான் புருஷனோடு சண்டை.
"அவர் எழுத்துப்பிழை திருத்துவார்.
அதாலதான் விட்டனான்."

திரும்பி வந்த குரல்
பழைய அறைக்குப் போகாமல்
கீழ்வீட்டில் குடியேறிவிட்டதாம்.
இப்போது வியாழக்கிழமைகளில், டால்ஸ்ரனில் ஒரு நிலவறை,
முப்பது கதிரை, மழையெண்டால் பத்து.

'ஓய்வுபெற்றவர்' என்று போடச் சொன்னார் ஐயா.
போட்டேன்.
அவ என் பேனையை எடுத்து அதை வெட்டினா.
மேலே, கோணலாக: பாடகி.
வெட்டுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வேணும் என்றேன்.
சீ.எம். என்று போட்டா.
எந்தப் பெயருக்கு என்று கேட்க வாயெடுத்து,
பார்த்தேன்.
அவவும் பார்த்தா.
நாற்பது வருஷமாய்க் கண்ணில் படேல்லையே எண்டு
சிரித்தா, இருமல்போல.

காணிக் கந்தோருக்கு இன்னொரு பிரதி.
நான் அடிக்க, முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டா,
அந்த 'ற'வை.
"பழுதம்மா. நாளைக்குத் திருத்த ஆள் வருது."
"தொடவிடாதேங்கோ.
என்ர மேளக்காரனிட்ட இதைத்தான் கெஞ்சுறனான்,
கொஞ்சம் பிந்தி விழு எண்டு."

ஐயா வாசித்தார்:
பயபக்தியுடனும் உண்மையாகவும் நேர்மையாகவும் வெளிப்படுத்திக் கூறுவது யாதெனில்,
எல்லாம் ஒரே இழுவையில்.
"இவர் எங்க மூச்சு விடுவார்?" என் காதுக்குள் கேட்டா.
காசு கைக்கு வந்தபிறகு என்றேன்.

மரப்படிகள், பதினாறு.
இறங்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு இம்மி தாமதம்.
முழங்கால் வாதமாக்கும்.

அடுத்த நாள் அந்தப் பெடியன் வந்தான்,
எண்ணெய்ப் போத்தலும் சின்னத் திருகாணிச் சாவியும்.
ஐயா கோட்டுக்குப் போயிருந்தார்.
"எந்த எழுத்தக்கா?"

'ஞ' என்றேன்.